தீத்துற கையை எப்போது விடுவது? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

விசேட தேவையுள்ள பிள்ளைகள் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பாதி வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்தவை. மிச்சம் கொட்டாஞ்சேனை, மருதானை, வத்தளைப் பக்கம். பெயர்களை விட்டுவிட்டுச் சுருக்கியிருக்கிறேன்.

என் பேரனுக்கு 11 வயது. அறிவு வளர்ச்சி குறைவு என்று சொல்லியிருக்கினம். மூன்று வேளையும் நான்தான் குழைச்சுத் தீத்துறன். பள்ளிக்கூடத்தில் தானாகச் சாப்பிடுகிறானாம். மகள் என்னோடு ஒரே சண்டை. நான் செய்வது பிழையோ? – அம்மம்மா, தெஹிவளை

பிழை இல்லை அம்மா. பதினொரு வருசம் அந்தப் பிள்ளையின் வயிறு காயாமல் பார்த்த கை அது. ஆனால் பள்ளிக்கூடத்தில் சாப்பிடுகிறவனுக்கு வீட்டில் இயலாமல் போகாது. வீட்டில் அவனுக்கு அந்தத் தேவை வரவில்லை, அவ்வளவுதான்.

அதற்காக ஒரே நாளில் கையை எடுத்துவிடாதீர்கள். அவன் பட்டினி கிடப்பான், நீங்கள் அழுவீர்கள், மூன்றாம் நாள் எல்லாம் பழையபடி ஆகிவிடும். எங்கள் விசேட கல்வி வகுப்பில் ஒரு வேலையை முடிவிலிருந்து பின்னோக்கிப் பழக்குவோம். குழைப்பதும் உருட்டுவதும் உங்கள் வேலையாகவே இருக்கட்டும். உருண்டையை அவன் விரல்களில் வைத்து, அவன் கையைக் கீழிருந்து ஏந்தி வாயருகே கொண்டுபோங்கள். உதட்டுக்கு இரண்டு விரற்கடை இருக்கையில் விடுங்கள். சோறு அவ்வளவு கிட்ட இருக்கும்போது மிச்சத் தூரத்தை அவனே கடப்பான். அது பழகியதும் நெஞ்சளவில் விடுங்கள், பிறகு கோப்பையிலிருந்து தூக்கியவுடன். குழைப்பதைக் கடைசியாகப் பழக்கலாம். இந்த முறையில் ஒவ்வொரு கவளமும் அவன் வாயில் போய்த்தான் முடியும், தோற்றுப்போய்க் கோப்பையைத் தள்ளிவிடுவதற்கு இடமே வராது.

புட்டு, இடியப்பத்தில் தொடங்க வேண்டாம், விரலுக்குள் நிற்காது. பருப்போடு குழைத்த சோறு ஒட்டிக்கொள்ளும். கோப்பைக்குக் கீழே ஈரத்துணி விரித்தால் வழுக்காது. காலையில் பள்ளிக்கூட அவதிக்குள் இதெல்லாம் சரிவராது. இராச்சாப்பாட்டில் மட்டும் பழக்குங்கள். மகளை ஒருநாள் டீச்சரிடம் அனுப்பி, அங்கே கரண்டியா கையா, எந்த மாதிரிக் கதிரை என்று கேட்டு வரச் சொல்லுங்கள். அங்கே கரண்டியும் இங்கே கையும் என்றால், அவனுக்கு அவை இரண்டு வெவ்வேறு வேலைகள்.

மற்ற இரண்டு வேளையும் இப்போதைக்குத் தீத்துங்கோ. மகள் ஏசினால் நான் சொன்னதாகச் சொல்லுங்கோ.

மகனுக்கு 6 வயது, டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே வரும் வளர்ச்சிக் குறைபாடு). வீட்டில் தமிழ், ஒழுங்கையில் சிங்களம், பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ். “பிள்ளை குழம்பும், வீட்டிலும் இங்கிலிஷ் மட்டும் கதையுங்கோ” என்கிறார்கள். – தாய், வெள்ளவத்தை

இந்த அறிவுரையை நான் முப்பது வருசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அது இன்னும் சாகவில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள இருமொழிப் பிள்ளைகளைக் கனடாவில் ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். ஒரு மொழி மட்டும் பேசும் அதே நிலைப் பிள்ளைகளைவிட அவர்கள் பின்தங்கியிருக்கவில்லை. பேச்சுத் தாமதத்துக்குக் காரணம் வேறு. இந்தப் பிள்ளைகளுக்குக் காதுக்குள் நீர் கட்டிக் கேள்வி குறைவது மிகச் சாதாரணம். அதனால் மொழியை மாற்ற முன்னர் காதைப் பரிசோதியுங்கள், அதுவும் ஒருமுறையோடு நிறுத்தாமல்.

ஒரு தாய் என் முன்னால் பிள்ளையோடு இங்கிலிஷில் கதைத்தார். “கம். சிட். ஈட். நோ.” அவ்வளவுதான். பிறகு வாசலில் சப்பாத்து மாட்டும்போது தன்னை அறியாமல் தமிழுக்கு வந்து, “என்ர குஞ்சு, மற்றக் காலைத் தாங்கோ, அந்தக் காகம் பார் உன்ர சப்பாத்தைப் பார்க்குது” என்றார். பிள்ளை காகத்தைப் பார்த்துச் சிரித்தது. எந்த மொழியில் பாடம் நடந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள் கேட்பதைவிடப் பார்ப்பதில் கெட்டி. படத்தைக் காட்டி, சைகையோடு, தமிழில் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் இந்தக் கிழமை பழக்கும் ஐந்து சொற்களை வாங்கி, அதே படங்களின் கீழே தமிழும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள்.

மகளைத் தரம் 1க்குச் சேர்க்கப் போனால், “இப்படிப் பிள்ளைக்கு இங்கே வசதி இல்லை” என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். சட்டம் ஏதும் உண்டா? – தந்தை, கொட்டாஞ்சேனை

உண்டு. இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். இயலாமையுள்ளோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, கல்வி நிறுவனத்தில் அனுமதிக்கும்போது இயலாமையைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்கிறது. இயலாமையுள்ள ஆட்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 24ஆம் உறுப்புரை கல்வி பற்றியது.

வாய்ப்பேச்சில் விடாதீர்கள். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள், பிறகு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். விசேட கல்விப் பிரிவு உள்ள தமிழ்மொழிப் பாடசாலை எது என்று அங்கே கேட்கலாம். ஆனால் கதிரை கிடைத்தவுடன் வேலை முடிந்துவிடாது. சட்டம் வாங்கித் தருவது வாசலைத்தான்.

நான் விசேட கல்விப் பிரிவில் படிப்பிக்கிறேன். பெற்றோர் கூட்டத்துக்கு 12 பேரில் 3 பேர்தான் வருகிறார்கள். அக்கறையே இல்லை. – ஆசிரியை, மருதானை

தங்கச்சி, அக்கறை பற்றிய தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு தாய்க்கு வீட்டில் செய்யவென்று பதினான்கு பயிற்சிகளை ஃபுல்ஸ்காப் தாளில் எழுதிக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அடுத்த மாதம் வரவில்லை, அதற்கடுத்த மாதமும் இல்லை. பிறகு ஒருநாள் சந்தையில் கண்டேன். “டீச்சர், அந்தத் தாளைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்குது” என்றார். இரவு பதினொரு மணி வரை தையல் மெஷினில் இருப்பவர் அவர். நான் அதைக் கேட்கவே இல்லை.

1969இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் போட்டேஜ் என்ற ஊரில் ஒரு திட்டம் தொடங்கியது. பிள்ளைகள் தூரதூரமாகச் சிதறி இருந்ததால் ஆசிரியரே வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போனார். தாயோடு பேசி, அந்த வாரத்துக்குள் முடிகிற சின்னக் காரியத்தைத் தெரிந்து, செய்து காட்டிவிட்டு வருவார். மற்ற ஆறு நாளும் ஆசிரியர் தாய்தான். உலகம் முழுக்கப் பரவிய அந்த முறையில் நான் எடுத்துக்கொண்டது அந்தச் “சின்ன”த்தைத்தான்.

கூட்டத்தைக் காலை ஒன்பது மணிக்கு வைத்தால் நாட்சம்பளக்காரர் வரமாட்டார். மாலையில் ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். தனியாள் கல்வித் திட்டத்தை, அதாவது ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக வகுக்கும் திட்டத்தை, எழுதி முடித்துக் கையெழுத்துக்கு நீட்டாமல், வெறும் தாளோடு இருந்து கேளுங்கள்: “எந்த ஒரு காரியம் மாறினால் உங்கள் வீட்டில் எல்லாரும் கொஞ்சம் நித்திரை கொள்ளலாம்?” அதுவே முதல் இலக்கு. பிள்ளையின் பையில் போய்வரும் கொப்பியில் முறைப்பாடு மட்டும் எழுதாதீர்கள். “இன்று தண்ணீர்ப் போத்தல் மூடியைத் தானே திறந்தான்” என்று எழுதினால், அன்றிரவு அந்தக் கொப்பியை அப்பாவும் வாசிப்பார்.

ஓட்டிசத்தை முற்றாகக் குணமாக்கும் மருந்து உண்டு என்று ஒருவர் மூன்று லட்சம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். அப்படி ஒரு மருந்து இல்லை. உடலிலிருந்து உலோகத்தை எடுப்பதாகச் சொல்லும் சிகிச்சை உயிருக்கே ஆபத்தானது.

மகளுக்கு 10 வயது, சொன்னால் கொஞ்சம்தான் விளங்கும். பெரியபிள்ளையானால் என்ன செய்வது என்று நினைத்தாலே நித்திரை வருவதில்லை. – தாய், வத்தளை

அந்த நாள் வருமட்டும் காத்திருக்க வேண்டாம். இப்போதே மாதத்தில் இரண்டு நாள் சானிட்டரி பேட் வைத்துப் பழகட்டும். பீட்ரூட் சாறு இரண்டு சொட்டு விட்டுக் காட்டினால், இரத்தத்தைக் கண்டு பதற மாட்டாள். உள்ளாடையில் பேட் வரவேண்டிய இடத்தைப் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். கதவைப் பூட்டிய பிறகுதான் மாற்றுவது என்பதை வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் ஒரே சொல்லில், ஒரே வரிசையில் பழக்க வேண்டும். உடலில் யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்பதும் இதே பாடத்தில் வரும்.

சாமத்தியவீடு அவளுக்காகவா, உறவுக்காரருக்காகவா என்று யோசியுங்கள். ஸ்பீக்கரும் வீடியோ லைட்டும் தாங்காத பிள்ளைக்கு, மாமி தண்ணி வார்த்துப் புதுச்சட்டை போட்டு வீட்டுக்குள் முடித்தால் ஒரு குறையும் வராது.

அண்ணாவுக்கு 24 வயது, அறிவு வளர்ச்சிக் குறைபாடு. பள்ளிக்கூடம் முடிந்து வீட்டில் டீவி. அம்மாவுக்கு 68. – தங்கை, பம்பலப்பிட்டி

படிப்பு முடியவில்லை, பாடசாலைதான் முடிந்தது. காசிலிருந்து தொடங்குங்கள். எண்ணத் தெரிய வேண்டும் என்றில்லை. செம்மஞ்சள் நூறு, ஊதா ஐநூறு, பச்சை ஆயிரம், நிறத்தால் பழகட்டும். ஒரே கடை, ஒரே சாமான், ஒரே தாள். முதலாளியிடம் முதலே சொல்லிவைத்து, மிச்சக் காசைக் கையில் எண்ணிப் போடச் சொல்லுங்கள். பஸ்ஸும் அப்படித்தான். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் முதலில் பக்கத்தில் இருங்கள், பிறகு பின் சீட்டில், பிறகு அவரைத் தனியாக ஏறவிட்டு, நீங்கள் அடுத்த தரிப்பில் நின்று ஏறுங்கள். இயலாமையுள்ளோருக்கான மாதாந்தக் கொடுப்பனவுக்குக் கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

அம்மா தெம்பாக இருக்கும்போதே அண்ணாவைப் பற்றி ஒரு கொப்பி எழுதுங்கள். என்ன மருந்து, எத்தனை மணிக்கு. இடி இடித்தால் எங்கே போய் ஒளிவார். தேத்தண்ணி எவ்வளவு சூட்டில் குடிப்பார். முதல் பக்கத்தை மட்டும் அவரையே கேட்டு, அவர் சொன்னபடியே எழுதுங்கள்.