பஸ் இரைச்சல் போகிறது, ஹாரன் ஏன் போகவில்லை?

கேள்வி: தினமும் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். போன வாரம் ஏ.என்.சி. (வெளி இரைச்சலைக் குறைக்கும்) வசதி உள்ள இயர்பட்ஸ் வாங்கினேன். எஞ்சின் இரைச்சல் நன்றாகவே குறைகிறது. ஆனால் ஹாரன், குழந்தை அழுகை எல்லாம் கேட்கிறது. பக்கத்து சீட்டுக்காரர் போனில் பேசுவது முன்பைவிடத் தெளிவாகக் காதில் விழுகிறது! இது பழுதான பொருளா? மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: எஞ்சின் இரைச்சல் குறைகிறது என்கிறீர்களே, அப்படியென்றால் பொருள் சரியாகத்தான் இருக்கிறது.

இயர்பட்ஸில் உள்ள மைக் வெளிச்சத்தத்தைக் கேட்கிறது. உள்ளே இருக்கும் சிப், அந்த அலைக்கு நேர் எதிரான அலையை உடனே உண்டாக்கி ஸ்பீக்கர் வழியாக அனுப்புகிறது. ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழ, இரண்டும் அடங்கிவிடுகின்றன. இந்த யோசனைக்கு ஜெர்மானியரான பால் லூக் 1930-களிலேயே காப்புரிமை வாங்கிவிட்டார்.

சிக்கல் நேரத்தில்தான். எஞ்சினின் உறுமல் 100 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 100 அதிர்வு) என்று வையுங்கள்; அதன் ஒரு அலை 3.4 மீட்டர் நீளம். மெதுவாக, ஒரே சீராக வருவதால் சிப்புக்கு ஈடுகொடுக்க முடிகிறது. ஹாரனிலும் அழுகையிலும் கலந்திருக்கும் 3,000 ஹெர்ட்ஸ் கீச்சொலியின் அலையோ 11 சென்டிமீட்டர்தான். மில்லி விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். அதில் பாதியளவு தாமதித்தாலே எதிரலை சத்தத்தை அடக்காது, கூட்டிவிடும். அதனால் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இந்த வித்தை பெரிதாகப் பலிக்காது. பேச்சு தெளிவாகக் கேட்பதற்கும் காரணம் உண்டு: இதுவரை அதை மூடி வைத்திருந்த எஞ்சின் இரைச்சல் விலகிவிட்டது.

கீச்சொலிகளைத் தடுப்பது காதை அடைக்கும் ரப்பர் முனைதான். பாட்டு ஓடும்போது இயர்பட்ஸை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். பேஸ் (பாட்டின் தாழ்ந்த ஒலி) சட்டென்று கூடினால், முனை உங்கள் காதுக்குச் சிறியது. பெட்டியில் வேறு அளவுகள் இருக்கும், மாற்றிப் போடுங்கள். ஏ.என்.சி.யும் அப்போது இன்னும் நன்றாக வேலை செய்யும்.

எப்போது மாற்றித் தரக் கேட்கலாம்? வீட்டில் ஃபேனை முழு வேகத்தில் வைத்து, ஏ.என்.சி.யைப் போட்டு அணைத்துப் பாருங்கள். வித்தியாசமே தெரியாவிட்டாலோ, ஒரு காதில் மட்டும் வேலை செய்தாலோ, விசில் போல ஒலி வந்தாலோ அது பழுது. ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். ஜன்னலோரக் காற்று மைக்கில் மோதி வரும் புஸ்ஸென்ற ஓசை பழுதல்ல.

அப்புறம், வாங்கப்போகும் மற்றவர்களுக்கும் ஒன்று. பெட்டியில் 'இ.என்.சி.' என்று மட்டும் இருந்தால் ஏமாறாதீர்கள். அது நீங்கள் போன் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு இரைச்சல் போகாமல் காக்கும் வசதி. உங்கள் காதுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. இரைச்சல் '40 டெசிபல் வரை' (டெசிபல் என்பது சத்தத்தின் அளவு) குறையும் என்று போட்டிருந்தால் அந்த 'வரை'யைக் கவனியுங்கள். ஏதோ ஒரு தாழ்ந்த ஒலியில் கிடைத்த உச்ச அளவாகவே அது பெரும்பாலும் இருக்கும்.

பஸ்ஸை விட்டு இறங்கும் முன் ஒரு காதில் இருப்பதையாவது கழற்றிவிடுங்கள். ஹாரன் கேட்டாலும், பின்னால் வரும் லாரியின் உறுமல் உங்களுக்குக் கேட்காது.