தாத்தாவின் ஸ்டூடியோ போட்டோவை சர்ரியலாக வரைவது எப்படி: கேள்வி பதில்

பழைய போட்டோ, சர்ரியல் ஓவியம் (கனவில் வருகிற மாதிரி, நடக்காததை நிஜம்போல வரைவது), 'நான் எந்த ஊர்க்காரன்' என்கிற குழப்பம், இந்த மூன்றையும் பற்றி வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, பழைய போட்டோவை வைத்து வரைகிறவர்கள் ஏன் முகத்தையே மறைத்துவிடுகிறார்கள்?

பாதிப் பேர் பெல்ஜிய சர்ரியல் ஓவியர் ரெனே மக்ரித்தைப் பார்த்துத்தான். 1928-இல் 'காதலர்கள்' படத்தில் முகங்களைத் துணியால் மூடினார், 1964-இல் ஒரு முகத்துக்கு முன்னால் பச்சை ஆப்பிளைத் தொங்கவிட்டார். அவருக்குப் பொருந்தியது. இப்போது பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. முகத்தை மறைத்தால் 'இது யார்' என்று கேட்க வைக்கலாம், 'எந்த ஊர், எந்த வீடு' என்று கேட்க வைக்க உடுப்பும் பின்னால் இருக்கும் திரையும் வேண்டும்.

கேள்வி: உடுப்பை வைத்தே அதைச் சொன்ன ஓவியர் யார் மேடம்?

மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ. அப்பா ஜெர்மனியில் பிறந்தவர், போட்டோகிராபர், அதனால் போஸ் கொடுப்பது என்றால் என்னவென்று சின்ன வயதிலேயே தெரியும். 1939-இல், விவாகரத்தான வருடம், 'இரண்டு ஃப்ரீடாக்கள்' வரைந்தார். ஒருத்தி ஐரோப்பிய வெள்ளை கவுனில், இன்னொருத்தி மெக்சிகோவின் தெவானா உடையில் (அந்த நாட்டின் தெற்கே பெண்கள் உடுத்தும் பாரம்பரிய உடை), கையைக் கோர்த்துக்கொண்டு அருகருகே உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு இதயங்களும் வெளியே தெரியும், ஒரே ரத்தக்குழாய் இரண்டையும் இணைக்கும். தெவானா ஃப்ரீடாவின் கையில் கணவர் டியேகோவின் சிறுவயதுப் படம், துளியூண்டு. அந்தக் குட்டிப் படத்தைக் கவனிக்காமல் போகிறவர்கள்தான் அதிகம். சர்ரியலிச இயக்கத்தைத் தொடங்கிய பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே பிரெத்தோன் அவரை சர்ரியலிஸ்ட் என்று கொண்டாடினார், ஃப்ரீடா அந்தப் பட்டத்தை ஏற்கவில்லை.

கேள்வி: என் தாத்தா 1960-களில் ரங்கூனிலிருந்து சென்னைக்கு வந்தவர். அங்கே கோட் போட்டு எடுத்த போட்டோ இருக்கிறது. கடைசிவரை 'ஊர்' என்றால் அவருக்கு பர்மாதான். இதை எப்படி வரையலாம் அக்கா? (வியாசர்பாடி)

நல்ல படம் கையில் இருக்கிறது. 1962-இல் ராணுவ ஆட்சி, அப்புறம் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது, கப்பலேறி வந்தவர்கள்தான் பர்மா பஜாரும் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடையும் போட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அதையெல்லாம் கேன்வாஸில் திணிக்காதீர்கள். முதலில் போட்டோவை லென்ஸ் வைத்துப் பாருங்கள். கோட் தோளில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, ஸ்டூடியோவில் கொடுத்ததா? கைக்கடிகாரம் தெரியும்படி கையை நீட்டி வைத்திருக்கிறாரா? பக்கத்தில் டீப்பாய், பூச்சாடி, பின்னால் மாடிப்படி வரைந்த திரை இருக்கும். ஆக, அந்தப் படமே பாதிப் பொய்தான். அதை அப்படியே, நூல் பிசகாமல் வரையுங்கள். ஒன்றே ஒன்றை மாற்றுங்கள்: திரையில் இருக்கும் மாடிப்படி கீழே இறங்கிப் போய் பீச் ஸ்டேஷன் எதிரே அந்த பர்மா பஜார் கடைவரிசையில் முடியட்டும், அவர் அது தெரியாதவர் மாதிரி கேமராவைப் பார்த்து நிற்கட்டும். பறக்கிற மீன், உருகுகிற கடிகாரம், இறக்கை எதுவும் வேண்டாம்.

கேள்வி: அந்தப் பழுப்பு நிறம் எப்படிக் கொண்டுவருவது?

பர்ன்ட் அம்பர் என்கிற அடர் பழுப்பு ஆயில் பெயின்ட்டை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து முழுப் படத்தையும் அந்த ஒரே நிறத்தில் முடியுங்கள். நன்றாகக் காய்ந்தபின் லின்சீட் எண்ணெய் கலந்த மெல்லிய நிறத்தைக் கன்னத்திலும் உடுப்பின் ஓரத்திலும் மட்டும் பூசுங்கள், அந்தக்கால கலர் பூசிய போட்டோ மாதிரி வரும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஆயில் சீக்கிரம் காயாது, அவசரப்பட்டால் எல்லாம் கலங்கிவிடும்.

கேள்வி: ஒரிஜினல் போட்டோ மேலேயே வரையலாமா?

கூடவே கூடாது. ஸ்கேன் எடுங்கள்.

கேள்வி: பழைய சாமான் கடையில் வாங்கிய, யாரென்றே தெரியாதவர்களின் போட்டோவை வரையலாமா சார்?

சார் இல்லை, மேடம். நான் நின்ற விதத்தையும் உடுப்பையும் எடுத்துக்கொள்வேன், முகத்தை மாற்றிவிடுவேன். யாரோ பொட்டு வைத்து மாலை போட்டுக் கும்பிட்ட படமாக இருக்கலாம். அட்டைக்குப் பின்னால் ஸ்டூடியோ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், ஊராவது தெரியும்.