குடியை விட்ட நகைச்சுவைக் கலைஞரால் பழையபடி சிரிக்க வைக்க முடியுமா?

குடிக்கு அடிமையான ஒரு நகைச்சுவை நடிகர் மீண்டு வர முடியுமா, வந்தாலும் அந்தப் பழைய சிரிப்பு மிஞ்சுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐம்பது வயதைக்கூடப் பார்க்காமல் 1974ல் போய்விட்ட சந்திரபாபுவை நினைத்துக் கேட்டிருக்கலாம். முடியும், மிஞ்சும் என்பது என் பதில். என் சித்தப்பாவை வைத்துச் சொல்கிறேன்.

சித்தப்பா நாடகத்தில் பபூன். காரைக்குடிப் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: எங்கள் பக்கம் அம்மன் கோயில் திருவிழா என்றால் ஒரு ராத்திரியாவது வள்ளி திருமணம் நாடகம் இருக்கும். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வழி வந்த நாடகம். பத்து மணிக்கு மேல் ஆர்மோனியமும் மிருதங்கமும் பல தாளக் கருவிகளைச் சேர்த்து வாசிக்கும் ஆல்ரவுண்டும் ஒரு சுற்று வாசித்து முடித்ததும் மேடைக்கு முதலில் வருவது பபூன்தான். முருகன் வேஷம் கட்டும் ராஜபார்ட் வர நடுச்சாமம் ஆகிவிடும். அதுவரை பாயும் தலையணையுமாக வந்து உட்கார்ந்திருக்கும் சனத்தைத் தூங்கவிடாமல் பிடித்து வைப்பது அவர் வேலை.

சித்தப்பாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது குடிகாரன் வேஷம். வேட்டி அவிழ, கால் பின்ன, விழப்போய் விழாமல் மைக் கம்பியைப் பிடித்து நிற்பார். தேவகோட்டையிலிருந்து புதுவயல் வரை அந்தத் தள்ளாட்டத்துக்காகவே அவரை நாடகத்துக்குப் பேசி அமர்த்துவார்கள். இன்னார் அன்பளிப்பு நூறு ரூபாய் என்று மைக்கில் சொல்லச் சொல்ல, கொட்டகைக்குப் பின்னால் பாட்டிலும் வந்து சேரும். "அண்ணனுக்கு உள்ளே போனாத்தான் வெளியே வரும்" என்பார்கள். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவரை உண்மையிலேயே நேசித்தவர்கள்தான் வாங்கிக் கொடுத்தார்கள். சிரிக்க வைக்கிற மனுசன் குடித்தால் அதுவும் வேஷம் மாதிரியே தெரிகிறது. வீட்டுக்கு வந்த பிறகும் அவர் தள்ளாடினால் பிள்ளைகள் நாங்கள் கைதட்டியிருக்கிறோம். சித்தி மட்டும் சிரித்து நான் பார்த்ததில்லை.

எங்களை ஏமாற்றியது இன்னொன்றும் உண்டு. வருடா வருடம் தை மாதம் பழனி பாதயாத்திரைக்கு மாலை போடுவார். மாலை கழுத்தில் இருக்கும்வரை ஒரு சொட்டு தொடமாட்டார். நினைத்தால் நிறுத்தத் தெரிந்தவனுக்கு இது நோயா என்று ஊரே நம்பியது, அவரும் நம்பினார். மாலையைக் கழற்றுகிற அன்றே பழைய கணக்கு திறந்துவிடும். பின்னால், குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டத்தில் சேர்ந்த பிறகு அவரே சொன்னது இது: "மாலை நிறுத்துச்சுப்பா, நான் நிறுத்தலை."

நடுவில் சித்தி, குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கும் மருந்து என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு பொடி வாங்கிக் குழம்பில் கலந்து கொடுத்தார். அன்றைக்கு அவர் குடித்துவிட்டு வந்து சாப்பிட்டார். முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அந்தப் பொடியில் என்ன இருந்தது என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. டைசல்ஃபிரம் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் இப்படித்தான் உடம்பு புரட்டும், ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். மருத்துவர் தெரிந்து, சாப்பிடுகிறவரும் தெரிந்துதான் அதைக் கொடுக்க வேண்டும். தயவுசெய்து யாரும் ஒளித்துக் கொடுக்காதீர்கள். சித்தி இன்றும் அதை நினைத்து அழுவார்.

2012 தையில் வழக்கம்போல மாலை போட்டார். அதற்குள் காலையில் கை நடுக்கத்துக்கே குடிக்கும் நிலைக்கு வந்திருந்தார். யாத்திரையில் நடந்து குன்றக்குடி போய்ச் சேர்வதற்குள் வலிப்பு வந்துவிட்டது. அடுத்த நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, இல்லாத பூச்சிகளை வேட்டியிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். சாமி குத்தம் என்று கூட வந்தவர்கள் பயந்தார்கள். பல வருடம் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அதையொட்டிப் பிரமையும் குழப்பமும் வரலாம், கவனிக்காவிட்டால் ஆள் பிழைப்பது கஷ்டம் என்று மருத்துவர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். மாத்திரையும் பி1 வைட்டமின் ஊசியும் போட்டு மெல்ல இறக்கினார்கள். "குடிநோய்" என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அங்கேதான். கெட்ட பழக்கம் என்றே அதுவரை சொல்லி வந்தோம்.

வெளியே வந்ததும் மதுரையில் ஒரு ஏஏ கூட்டத்துக்குப் போகச் சொன்னார்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1935ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்துப் பேசியதில் பிறந்தது. காசு கிடையாது, பேர் வெளியே போகாது. சித்தப்பா எழுந்து நின்று, பழக்க தோஷத்தில் ஒரு சிரிப்புத் துணுக்கோடு ஆரம்பித்தாராம். யாரும் சிரிக்கவில்லையாம். கோபமும் இல்லை, கேலியும் இல்லை, அவர் சொல்லி முடிக்கட்டும் என்று பொறுமையாக உட்கார்ந்திருந்தார்களாம். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவரிடமிருந்து யாரும் சிரிப்பைக் கேட்கவில்லை. அழுதுவிட்டேன் என்றார். அவர் பிழைத்தது அந்த இடத்தில்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் ஊரில் அந்த அமைதி கிடைக்கவில்லை. சித்தி சமையல் வேலை பார்த்த வீட்டின் முகப்பில் அவர் சும்மா உட்கார்ந்திருந்தால் போகிற வருகிறவர்கள் எல்லாம் "என்னண்ணே, ஒண்ணு எடுத்து விடுங்க" என்பார்கள். அந்த வீட்டு ஆச்சிதான் ஒருநாள் வெளியே வந்து, "அவுக சும்மா இருக்கட்டும், போய் உங்க சோலியைப் பாருங்க" என்று விரட்டிவிட்டார்.

அந்த நாட்களில்தான் கிரெய்க் ஃபெர்குசனின் ஒரு வீடியோவை அவருக்குப் போட்டுக் காட்டினேன். ஸ்காட்லாந்துக்காரர், அமெரிக்கத் தொலைக்காட்சியில் பின்னிரவு நிகழ்ச்சி நடத்தியவர். 2007 பிப்ரவரியில் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் தலையை மொட்டையடித்துக்கொண்டபோது எல்லா நகைச்சுவை நிகழ்ச்சிகளும் அவரைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தன. ஃபெர்குசன் மட்டும் நான் கேலி செய்ய மாட்டேன் என்றார். தான் குடியை விட்டுப் பதினைந்து வருடம் ஆகிறது என்று சொல்லிவிட்டு, 1991 கிறிஸ்துமஸ் காலையில் உயிரை விடும் எண்ணத்தோடு எழுந்ததையும், தெரிந்தவர் ஒருவர் ஒரு கோப்பை ஷெர்ரி நீட்ட, குடித்துக் குடித்து அந்த எண்ணமே மறந்துபோனதையும் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு நண்பர் உதவியால் 28 நாள் சிகிச்சைக்குப் போனதையும் சொன்னார். கூட்டம் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தயங்கித் தயங்கிச் சிரிக்கும். நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். சித்தப்பா கேட்டது ஒரே கேள்வி: "இதைச் சொன்ன பிறகும் இவருக்கு வேலை இருந்துச்சா?" இன்னும் அதே நிகழ்ச்சியை அவர்தான் நடத்துகிறார் என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

அந்த வருடமே மேடை ஏறினார். குடிகாரன் வேஷம் மட்டும் கட்டமாட்டேன் என்று நாடக நடிகர் சங்கத்தில் சொல்லிவிட்டார். முதல் ராத்திரி பத்து நிமிடம் ஒருத்தரும் சிரிக்கவில்லை. பழையதைப் போடு என்று சத்தம் வந்தது. இரண்டு மூன்று ஊர்க்காரர்கள் அதற்கப்புறம் அவரைக் கூப்பிடவே இல்லை. பதினாலாவது மாதம் ஒரு திருவிழாவில் மழை வந்து நாடகம் நின்றுபோன ராத்திரி, கொட்டகையில் மறுபடி குடித்துவிட்டார். மூன்று வாரம் ஆளே கிடைக்கவில்லை. எல்லாம் போச்சு என்று நினைத்தோம். பேர்பெற்ற அமெரிக்க நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸ் இருபது வருடம் குடிக்காமல் இருந்துவிட்டு 2003ல் மறுபடி விழுந்து, 2006ல் திரும்பச் சிகிச்சைக்குப் போனவர். அதை முன்பே படித்திருந்தால் அந்த மூன்று வாரம் அவரை நாங்கள் பேசிய பேச்சைப் பேசியிருக்கமாட்டோம். ஏஏ கூட்டத்து நண்பர் ஒருவர்தான் தேடிப் போய்க் கூட்டி வந்தார். திட்டவில்லை. "இன்னைக்கு ஒரு நாள் குடிக்காம இருப்போம், வாங்க" என்றாராம். அன்றிலிருந்து இன்றுவரை தொடவில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது இருந்தால், யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால், 14446 இலவச எண், கூப்பிடுங்கள்.

சரி, சிரிப்பு விஷயம். அந்தத் தள்ளாட்டம் எங்கும் போகவில்லை. இப்போது அவர் கட்டுவது, தூங்காத பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க நடக்கும் தாத்தா. துண்டைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொள்வார். தூக்கக் கலக்கத்தில் அதே கால் பின்னும், அதே மாதிரி விழப்போய் மைக் கம்பியைப் பிடிப்பார். பிள்ளை தூங்கிவிட்டது என்று நினைத்து மெல்லக் குனிந்து துண்டைத் தரையில் வைப்பார். அந்த நேரம் ஆர்மோனியக்காரர்கூடக் கையை எடுத்துவிடுவார். பெண்கள் பக்கத்திலிருந்து யாராவது "உஷ்" என்பார்கள். அப்புறம்தான் சிரிப்பு.