வியாழனிலிருந்து வரும் ரேடியோ அலைக்கும் அதன் நிலவு அயோவுக்கும் என்ன தொடர்பு?

அயோ எரிமலைகள் நிறைந்த நிலவு. அவை கக்கும் கந்தக வாயுவில் நொடிக்கு சுமார் ஒரு டன் விண்வெளிக்குத் தப்பி, மின்னேற்றம் பெற்று, வியாழனைச் சுற்றி ஒரு வளையமாகத் தங்கிவிடுகிறது.

வியாழன் தன்னைத்தானே சுற்ற 10 மணி நேரம்கூட ஆவதில்லை. அயோ அதைச் சுற்றிவர 42 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதனால் வியாழனின் காந்தப்புலம் அயோவை முந்திக்கொண்டு கடந்துபோகிறது. சரி, காந்தப்புலத்துக்குள் மின்சாரம் கடத்தும் பொருள் ஒன்று நகர்ந்தால் மின்சாரம் உண்டாகும் அல்லவா? டைனமோ வேலை செய்வது அப்படித்தான். இங்கே அந்தப் பொருள் அயோ. உண்டாவது பல லட்சம் ஆம்பியர்! அந்த மின்னோட்டத்தில் முடுக்கப்படும் எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுழன்றபடி வியாழனின் துருவப் பக்கம் பாய்கின்றன. ரேடியோ அலை பிறப்பது அங்கேதான்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அடுத்தது. இந்த அலை எல்லாப் பக்கமும் பரவாது. உள்ளே வெற்றான கூம்பின் சுவர் வழியாக மட்டும் வெளியேறும். அந்தச் சுவர் பூமியைத் தொடும்போதுதான் நமக்குக் கேட்கும். வியாழனின் ரேடியோ அலை 1955இல் கண்டறியப்பட்டது. அது அயோ நிற்கும் இடத்தைப் பொறுத்து வருகிறது என்று 1964இல் கண்டுபிடித்தவர் பிக் என்ற விஞ்ஞானி.

20 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு சிற்றலை ரேடியோவும் எளிய ஆன்டெனாவும் இருந்தால் நீங்களே கேட்கலாம். சில நேரம் கரையில் அலை மோதுவதுபோல், சில நேரம் சோளம் பொரிவதுபோல் படபடவென்று.