8 ஜிபியா, 12 ஜிபியா, 16 ஜிபியா? பழைய போர்டுக்குப் புது கிராபிக்ஸ் கார்டு

கேள்வி: எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் 2020-இல் வாங்கியது. இன்டெல் கோர் ஐ5 10400எஃப், எச்410 மதர்போர்டு, 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, 1080பி 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். மகன் விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் (இறுதிப் படத்தை உருவாக்குவது) போட்டால் விடிய விடிய ஓடுகிறது என்கிறான். புது கேம் எதுவும் சரியாக ஓடவில்லையாம். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் ஆர்டிஎக்ஸ் 5060 எடுக்கச் சொல்கிறார்கள், இன்னொரு கடையில் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. அவனுடைய நண்பன் தன் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கார்டை விற்கத் தயாராக இருக்கிறான். பட்ஜெட் 35,000 ரூபாய், கொஞ்சம் கூடினாலும் சமாளிக்கலாம். எதை வாங்குவது?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: 5060 வேகமான கார்டுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதைச் சொன்ன கடைக்காரர் உங்கள் போர்டு என்னவென்று கேட்டாரா? கார்டு வாங்குகிறவர்கள் மாடல் நம்பரைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அது எந்த ஸ்லாட்டில் உட்காரப் போகிறது, எந்த எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை) கரண்ட் எடுக்கப் போகிறது என்பதை யோசிப்பதில்லை. உங்கள் விஷயத்தில் இந்த இரண்டும்தான் முடிவைச் சொல்கின்றன.

முதலில் ஸ்லாட். கார்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே தகவல் போகும் பாதைக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் என்று பெயர்; உங்கள் பிராசஸரும் போர்டும் அதில் 3.0 தலைமுறை. அந்தப் பாதையில் 5060-க்கு 8 லேன்கள் (தடங்கள்) மட்டுமே உண்டு. அது 5.0 போர்டை மனதில் வைத்துச் செய்த கார்டு, அங்கே 8 லேன் தாராளம். உங்கள் போர்டில் அதே 8 லேன் வழியாக விநாடிக்குச் சுமார் 8 ஜிபிதான் போகும். 9060 எக்ஸ்டி, 3060 12 ஜிபி இரண்டுக்கும் 16 லேன் இருப்பதால் அதே ஸ்லாட்டில் விநாடிக்குச் சுமார் 16 ஜிபி வேகம் கிடைக்கும்.

வேலை கார்டின் சொந்த மெமரிக்குள் அடங்கும்வரை இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. மெமரி நிரம்பிய பிறகுதான் வினை. 5060 தன்னுடைய 8 ஜிபியை விநாடிக்கு 448 ஜிபி வேகத்தில் படிக்கும். அதற்குள் இடமில்லாத டெக்ஸ்சரும் (பொருட்களின் மேற்பரப்புக்கான படங்கள்) மற்றதும் கம்ப்யூட்டரின் ராமுக்குப் போய்விடும், தேவைப்படும்போதெல்லாம் அந்த 8 ஜிபி வேகப் பாதை வழியாக வந்து சேர வேண்டும். கேம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று திக்கித் திக்கி நகர்வது பெரும்பாலும் இதனால்தான். 8 ஜிபி கார்டு, 8 லேன், 3.0 போர்டு என மூன்றும் ஒன்றுசேரும் இடத்தில்தான் அடி பலமாக விழும். உங்கள் வீட்டில் சரியாக அந்த மூன்றும் சேரும்.

மகனுக்கு எவ்வளவு மெமரி வேண்டும் என்பதை இப்போதே பார்த்துவிடலாம். அவனுடைய புராஜெக்ட்டுகளில் மிகப் பெரியதைத் திறந்து கார்டில் ரெண்டர் போடச் சொல்லுங்கள். ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பக்கம் போய் ஜிபியுவை (கிராபிக்ஸ் கார்டு) அழுத்தினால் கீழே இரண்டு எண் தெரியும்: டெடிகேட்டட் ஜிபியு மெமரி, ஷேர்டு ஜிபியு மெமரி. முதலாவது கார்டின் சொந்த இடம், 1650-இல் அது 4 ஜிபி. அது விளிம்பில் நிற்க, ஷேர்டு எண் ஏறிக்கொண்டே போனால் இடம் பற்றாமல் ராமுக்கு வழிகிறது என்று அர்த்தம். இரண்டையும் கூட்டினால் தேவை தோராயமாகப் பிடிபடும். 5 ஜிபிக்குள் நின்றால் 8 ஜிபி கார்டே போதும். 7 ஜிபியைத் தொட்டால் 8 ஜிபி கார்டு வேண்டாம். இப்போது இரண்டாம் ஆண்டுதான் படிக்கிறான், இறுதியாண்டு புராஜெக்ட் இதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும்.

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு 16 ஜிபி வாங்கிவிடலாமே என்று தோன்றும். பிளெண்டர்தான் அங்கே குறுக்கே வருகிறது. அதன் சைக்கிள்ஸ் ரெண்டரர் என்விடியா கார்டுகளில் (ஆர்டிஎக்ஸ் வரிசை) ஆப்டிக்ஸ் என்ற என்விடியா தொழில்நுட்பம் வழியாக ஓடும்போது கிடைக்கிற வேகம், அதே விலையிலுள்ள ஏஎம்டி கார்டில் (ஆர்எக்ஸ் வரிசை) கிடைப்பதில்லை. ஏஎம்டியிலும் ஓடும், ஹிப் என்ற வழி இருக்கிறது. ஆனால் கேமில் 3060-ஐத் தெளிவாக முந்துகிற 9060 எக்ஸ்டி, பிளெண்டரில் அப்படி முந்துவதில்லை. இந்தத் துறையில் பல மென்பொருள்கள் முதலில் என்விடியாவுக்கு எழுதப்பட்டு, பிறகுதான் மற்ற கார்டுகளுக்கு வருகின்றன. படிக்கிற பையனுக்கு இது முக்கியம்.

அதனால் என் முடிவு இது. கம்ப்யூட்டர் முதலில் படிப்புக்கு என்றால் 3060 12 ஜிபி எடுங்கள். மெமரி பற்றும், 16 லேன், ஆப்டிக்ஸ் உண்டு. உங்கள் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 1080பி கேமுக்கு இன்றைக்கும் அது நன்றாகவே தாங்கும், செட்டிங்ஸை அங்கங்கே இறக்க வேண்டிவரலாம், அவ்வளவுதான். மிச்சப் பணத்துக்குக் கீழே வேலை வைத்திருக்கிறேன். கேம்தான் பிரதானம், பிளெண்டர் அவ்வப்போது என்று மகன் உண்மையாக ஒப்புக்கொண்டால் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. அதே பெயரில் 8 ஜிபி கார்டும் விற்கிறது, பில்லில் 16 என்று எழுதி வாங்குங்கள். பட்ஜெட்டை நன்றாகவே மீற முடியுமானால் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி இரண்டு வேலைக்கும் பொருந்தும். அதுவும் 8 லேன்தான், ஆனால் 16 ஜிபி இருப்பதால் வழிவது அபூர்வம். இன்டெல் ஆர்க் பி580-இல் 12 ஜிபி இருக்கிறது, விலையும் நியாயம். ஆனால் பழைய 6 கோர் பிராசஸர்களோடு சேரும்போது அதன் வேகம் குறைகிறது, உங்களுக்கு வேண்டாம்.

இனி எஸ்எம்பிஎஸ். நீங்கள் கேட்கவில்லை, நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். 1650 என்பது 75 வாட் கார்டு. பெரும்பாலான மாடல்களில் தனி பவர் கேபிளே கிடையாது, ஸ்லாட்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும். அதனால் உங்கள் எஸ்எம்பிஎஸ் இத்தனை வருடமும் கஷ்டப்படவே இல்லை. 3060-க்கு 170 வாட் வேண்டும், பிராசஸர் முழு மூச்சில் ஓடும் நேரத்தில் 130 வாட்டைத் தொடும். இரண்டும் 12 வோல்ட் லைனிலிருந்துதான் எடுக்கின்றன, கூட்டினால் 300 வாட்.

கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி எஸ்எம்பிஎஸ் லேபிளைப் பாருங்கள். மேலே பெரிய எழுத்தில் 450 வாட் என்பதுபோல் ஒன்று இருக்கும், அதை விடுங்கள். அட்டவணையில் 12 வோல்ட் கட்டத்துக்கு நேராக எத்தனை ஆம்ப் என்று பாருங்கள். கேபினெட்டோடு சேர்ந்து வரும் மலிவு எஸ்எம்பிஎஸ்களில் அங்கே 18 என்று போட்டிருந்தால் 12-ஆல் பெருக்குங்கள்: 216 வாட். 450 என்று எழுதியிருந்தாலும் உங்கள் கார்டுக்கும் பிராசஸருக்கும் கிடைப்பது அவ்வளவுதான். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 40 ஆம்புக்கு மேல் இருக்கும். அப்படி ஒன்று, 6+2 பின் (சேர்த்தால் கார்டுக்கான 8 பின்) கேபிளோடு, ஐந்து வருட வாரண்டியோடு வாங்குங்கள். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும், உள்ளே இருக்கும் பாகத்தின் தரத்துக்கு அது ஜாமீன் அல்ல. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் 8 பின் இல்லையென்றால் பழைய 4 பின் வயரை 8 பின்னாக மாற்றும் மோலெக்ஸ் கன்வெர்ட்டர் ஒன்றைக் கடையில் எடுத்து நீட்டுவார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். மெல்லிய வயர் சூடேறி, கனெக்டர் உருகிப்போகும்.

யுபிஎஸ் வைத்திருந்தால் அதையும் பாருங்கள். வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் தருவது சுமார் 360 வாட். ரெண்டர் ஓடும்போது மானிட்டரையும் சேர்த்தால் அதன் எல்லையைத் தொட்டுவிடும், கரண்ட் போன அடுத்த நொடி எல்லாமே அணையலாம். 1000 விஏ அல்லது அதற்கு மேல் தேவைப்படும்.

நண்பனின் கார்டுக்கு வருவோம். 3060 வெளியானது 2021 தொடக்கத்தில். கார்டுகளுக்கு இங்கே பொதுவாக மூன்று வருட வாரண்டி, ஆகவே அப்போதே வாங்கியிருந்தால் அது முடிந்திருக்கும். விலை பேசும்போது இதை வைத்துப் பேசுங்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங் (கணக்குப் போட்டு கிரிப்டோ நாணயம் ஈட்டுவது) நிற்கும்வரை இந்த மாடல் கார்டுகள் பல இரவு பகலாக மைனிங்கில் ஓடின. சிப் பெரும்பாலும் தப்பித்துவிடும், விசிறியும் தெர்மல் பேடும்தான் (சூட்டைக் கடத்தும் பட்டை) தேயும். பணம் கொடுக்கும் முன் கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் மெமரி 12288 எம்பி, பஸ் 192 பிட் என்று காட்டுகிறதா பாருங்கள். 3060-இலேயே 128 பிட் பஸ்ஸோடு 8 ஜிபி மாடல் ஒன்று உண்டு. அப்புறம் கார்டை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருள் 20 நிமிடம் ஓடட்டும். வெப்பம் 80 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனாலோ, திரையில் வண்ணப் புள்ளிகள் வந்தாலோ, விசிறி கரகரத்தாலோ விட்டுவிடுங்கள். நட்பு கெடும் என்று தயங்க வேண்டாம். பில் இல்லாத கார்டுக்கும் பில்லோடு கடையில் கிடைக்கும் புது 3060-க்கும் சில ஆயிரம்தான் வித்தியாசம் என்றால் புதியதையே எடுங்கள்.

வாங்கப் போகும் முன் கேபினெட்டில் ஸ்லாட்டிலிருந்து முன்பக்க ஹார்ட் டிஸ்க் கூடு வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். மூன்று விசிறி கார்டுகள் 30 சென்டிமீட்டர்வரை நீளும், இரண்டு விசிறி மாடலே உங்களுக்குப் போதும். 9060 எக்ஸ்டி பக்கம் போவதென்றால் பழைய என்விடியா டிரைவரை டிடியு என்ற மென்பொருள் கொண்டு சுத்தமாக நீக்கிவிட்டு மாட்டுங்கள். 3060 என்றால் அந்த வேலை இல்லை, புது டிரைவரை மேலேயே போட்டுக்கொள்ளலாம்.