வண்டி கேள்வி–பதில்: காலை எடுத்தால் அடங்கும் ஊளை

கேள்வி: எங்களுடையது தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீலில் போட்டு ஓட்டும் டீசல் பக்கி (பிக்கப் வண்டி). போன மாதம் அண்டர்பெர்க் வழியாக சானி கணவாய் ஏறி இறங்கினோம். கீழே ஓடைகளில் பாதிச் சக்கரம் முங்கியது. டர்பன் திரும்பியதிலிருந்து 70–90 வேகத்தில் பின்பக்கம் 'ங்ஙீ' என்று ஊளை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அடங்கிவிடுகிறது. டயர் கடையில் நான்கு டயரையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: டயர் வாங்காதீர்கள். டயர் இரைச்சல் வேகம் குறையும்போதுதான் குறையும், தார் போய் கான்கிரீட் வந்தால் தொனி மாறும். வீல் பேரிங் என்றால் 60-இல் ஸ்டீயரிங்கை மெல்ல இடமும் வலமும் அசைக்கும்போது ஒரு பக்கம் கூடும். இடப்பக்கம் திரும்பும்போது கூடினால் வலப்பக்க பேரிங். காலை எடுத்த கணமே அடங்குவது சுமை இழுக்கும் பற்சக்கரத்தின் சத்தம். ஆளில்லாத சாலையில் 80-இல் நான்காவது கியரிலும் ஐந்தாவதிலும் ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே ஊளை என்றால் கியர்பாக்ஸை விட்டுவிடலாம். பின் டிஃபரன்ஷியலின் (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பற்சக்கரப் பெட்டியின்) கிரவுன்–பினியன் பற்சக்கர ஜோடியின் பக்கம் பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் முதல் சந்தேகம் தண்ணீர்மேல். மலையேறிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த ஓடையில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். மேலே இருக்கும் பிரீதரில் (காற்று போய்வரும் துளையில்) சேறு அடைத்திருந்தால் காற்று வர வழியில்லை, ஆயில் சீல் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் கலந்த ஆயில் பல்லுக்கும் பேரிங்குக்கும் நடுவே படலமாக நிற்காது.

டிஃபரன்ஷியலைத் திறக்கும்போது ஆயில் ஊற்றும் பிளக்கை முதலில் தளர்த்துங்கள். அது துருப்பிடித்து அசையாமல் போய், ஆயிலை வடித்துவிட்டு நிற்பவர்கள் பலர். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் உறுதி. பிளக்கில் உள்ள காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். விரலில் மை போல ஒட்டும் சாம்பல் பசை வழக்கமான தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் சில்லு இருந்தால் ஹௌசிங்கைப் பிரித்தே ஆகவேண்டும்.

சில்லு இல்லையென்றால், வண்டியின் கையேட்டில் சொன்ன தரத்தில் ஆயிலை ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை நிரப்புங்கள். லிமிடெட் ஸ்லிப் வகையாக (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்துவது) இருந்தால் அதற்குரிய ஆயில்தான். 100 கிலோமீட்டர் ஓட்டியதும் அதையும் வடித்துப் புதிதாக ஊற்றுங்கள். ஆக்சில் குழாய்களில் தங்கிய ஈரம் அப்போதுதான் வெளியேறும். பிரீதரைச் சுத்தம் செய்து ரப்பர் குழாய் மாட்டி என்ஜின் அறை உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் அடுத்த ஓடையில் மறுபடியும் இதே கதைதான்.

அப்புறமும் ஊளை நிற்காவிட்டால், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து வண்டியை நியூட்ரலில் போட்டு, ப்ராப் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் சுழல்தண்டு) பினியனில் சேரும் ஃபிளாஞ்சை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். சுற்றுவாக்கில் சிறிது ஆட்டம் இருக்கலாம், மேல்–கீழ் ஆட்டம் துளியும் கூடாது. இருந்தால் பினியன் பேரிங் போய்விட்டது. "நட்டை இறுக்கினால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். பல வண்டிகளில் உள்ளே நசுங்கும் ஸ்லீவ்தான் பேரிங்கின் அழுத்தத்தை நிர்ணயிக்கிறது. இஷ்டத்துக்கு இறுக்கினால் அந்த அளவு தவறி, புது பேரிங்கும் சூடாகிக் கருகும்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் கியரை டி-யிலிருந்து (முன்னோக்கி) ஆர்-க்கு (பின்னோக்கி) மாற்றும்போதும், சிக்னலில் நின்று கிளம்பும்போதும் அடியில் 'டொக்' என்கிறது. – பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

பதில்: ப்ராப் ஷாஃப்டின் முனையில் உள்ள யூ ஜாயிண்டின் கிராஸை (நடுவில் இருக்கும் சிலுவைத் துண்டை) பாருங்கள். ஜாயிண்டின் இரு பக்கத்தையும் கைக்கொன்றாகப் பிடித்து எதிரெதிராகத் திருகும்போது கொஞ்சமும் ஆடக் கூடாது. கிராஸின் முனைகளை மூடும் கப் ஓரத்தில் செம்மண் போன்ற துருத்தூள் தெரிந்தால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பேரிங் அரைபடுகிறது. ஜாயிண்ட் நன்றாக இருந்தும் கிளம்பும்போது மட்டும் 'டொக்' என்றால் ஷாஃப்ட் நீண்டு சுருங்க வழிவிடும் பல்வரிசை இணைப்பு (ஸ்ப்ளைன்) காய்ந்திருக்கும். அதில் கிரீஸ் அடிக்கும்போது ஷாஃப்ட் நீளத் தொடங்கியதும் நிறுத்துங்கள். அதற்குமேல் திணித்தால் ஷாஃப்ட் சுருங்க இடமில்லாமல் பினியனை இடிக்கும்.

கேள்வி: 4ஹெச்சில் (நான்கு சக்கர இழுவையில்) போட்டு மால் பார்க்கிங்கில் திரும்பினால் வண்டி துள்ளித் துள்ளி 'கடக்' என்கிறது. – ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: எதுவும் உடையவில்லை, ஆனால் உடைப்பதற்கான வழி அதுதான். இப்படித் துள்ளினால், முன், பின் ஷாஃப்டுகளை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் நடு டிஃபரன்ஷியல் உங்கள் வண்டியில் கிடையாது. வளைவில் முன்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். காய்ந்த தரையில் டயர் வழுக்காததால் அந்த வித்தியாசம் ஷாஃப்டில் முறுக்காக ஏறுகிறது. 2ஹெச்சுக்கு (இரு சக்கர இழுவைக்கு) மாற்றுங்கள். லீவர் இறுகிப் பிடித்தால் சில மீட்டர் நேராகப் பின்னோக்கி எடுங்கள், விட்டுவிடும்.