அரேபியாவுல கரி, தங்கம், எண்ணெய் தேடின காலம்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

எல்லாருக்கும் வணக்கம். மஹ்த் அத் தஹப் தங்கச் சுரங்கம் பத்தி நான் போன வாரம் ரெண்டு வரி எழுதினேன், அதுல இருந்து கேள்வி வந்துட்டே இருக்கு. நான் ஜியாலஜி படிச்சவன், சவுதியோட மேற்குப் பக்கம் பத்து வருஷத்துக்கு மேல வேலை பார்த்தேன், ராத்திரி கேம்ப்ல வேற வேலை இல்லாததால பழைய சர்வே ரிப்போர்ட்டெல்லாம் தேடித் தேடிப் படிச்சேன். ஒரே மாதிரி கேட்டத சேர்த்து பதில் எழுதறேன்.

கேள்வி: அண்ணா, பிரிட்டிஷ்காரன் அரேபியாவுல முதல்ல இருந்தே எண்ணெயத்தான தேடினான்?

இல்ல தம்பி, முதல்ல தேடினது நிலக்கரி. 1839ல ஏடனைப் பிடிச்சதுக்கு பெரிய காரணமே பம்பாய்க்கும் சூயஸுக்கும் நடுவுல நீராவிக் கப்பலுக்கு கரி ஏத்த ஒரு துறை வேணும்ங்கறதுதான். ஆனா அந்தக் கரியை வெளிய இருந்து கப்பல்லதான் கொண்டு வந்து கொட்டணும். பக்கத்துலயே கரி கிடைச்சா எவ்வளவு மிச்சம்னு யோசிச்சுப் பாருங்க. அதனாலதான் ஓமன்ல சூர் ஊருக்கு உள்பக்கம் கரி தெரியுதுன்னு சொன்னதும் அவ்வளவு பரபரப்பு. 1902ல மஸ்கட் சுல்தான் கிட்ட, பிரிட்டிஷ்காரங்களைக் கேக்காம அந்தக் கரியை வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்னு எழுதியே வாங்கிட்டாங்க. கரி ஒண்ணும் பெருசா தேறல, ஆனா "எழுதி வாங்கறது" பழக்கமாயிடுச்சு, அது கீழ வருது பாருங்க.

இன்னொண்ணு, வளைகுடாவோட பாறையை முதல்ல ஒழுங்கா படிச்சு எழுதினது லண்டன்ல இருந்து வந்த கம்பெனி இல்ல, கல்கத்தாவுல இருந்த ஜியாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியா. கய் பில்கிரிம்னு அவங்க ஆளு 1904-05ல அந்தப் பக்கம் சுத்தினார், அறிக்கை 1908ல வந்துச்சு. பஹ்ரைன்ல தார் கசியறது வரைக்கும் அதுல இருக்கு. வளைகுடா விவகாரம் எல்லாமே அப்போ பிரிட்டிஷ் இந்தியா கைலதான, ஒப்பந்தப் பணம் கூட ரூபாய்லதான் எழுதுவாங்க.

கேள்வி: ரிச்சர்ட் பர்ட்டன் தங்கம் தேடிப் போனார்னு கேள்விப்பட்டேன், உண்மையா சார்?

உண்மைதான். பர்ட்டன் ஒரு பிரிட்டிஷ் பயணி, 1853ல அவர் மாறுவேஷத்துல ஹஜ் போனப்போ எகிப்துல ஹாஜி வலின்னு ஒரு நண்பர், மித்யான் பக்கம் ஒரு ஓடை மணல்ல தங்கம் இருக்குன்னு சொன்னார், அப்போ யாரும் காதுல போட்டுக்கல. இருபத்திநாலு வருஷம் கழிச்சு எகிப்து கடன்ல மூழ்கிட்டு இருந்தப்போ அதையே பர்ட்டன் அந்த நாட்டோட கெதிவ் (ஆட்சியாளர்) இஸ்மாயில் கிட்ட சொன்னார், அவரும் பிடிச்சுக்கிட்டார். 1877ல ஒரு பயணம், அந்த வருஷக் கடைசில இருந்து 1878 வரைக்கும் இன்னொண்ணு, இப்போ சவுதியோட வடமேற்கு மூலைல இருக்கே அந்தக் கரைப்பகுதில. வயசாகிப் போன ஹாஜி வலியையும் தேடிப் பிடிச்சு முதல் பயணத்துக்கு கூட்டிட்டுப் போனாங்க. இடிஞ்ச ஊர்கள், பழைய உலைகள், உலோகம் உருக்கின கசடு எல்லாம் பார்த்தாங்க, ரெண்டாவது தடவை சுமார் 25 டன் கல்லு கப்பல்ல ஏத்தி வந்தாங்க. சோதிச்சுப் பார்த்தா சுரங்கம் போடற அளவுக்கு ஒண்ணும் இல்ல. 1879ல கெதிவ் பதவியே போச்சு, திட்டமும் அதோட முடிஞ்சுது.

நான் இதுல பார்க்கறது என்னன்னா, பர்ட்டன் கையில தங்கம் எங்க இருக்குன்னு காட்டற மேப் எதுவும் இல்ல, இருந்தது ஹாஜி வலி சொன்ன ஒரு வார்த்தை. அரேபியாவுல தேடின பல பேர் கதையும் இப்படி உள்ளூர்க்காரர் ஒருத்தர் சொன்னதுலதான் ஆரம்பிக்குது, ஆனா புத்தகத்துல "கண்டுபிடிச்சவர்"னு வர்ற பேரு வேற.

கேள்வி: நான் ஷார்ஜாவுல இருக்கேன். அபு மூசா தீவுல செங்காவி வெட்டினாங்கன்னு இங்க பெரியவங்க சொல்வாங்க, அது என்ன கதை?

நல்லா கேட்டீங்க, இது வெளிய அதிகம் தெரியாத கதை. அது இரும்பு ஆக்சைடு, நம்ம ஊர்ல வாசல்ல பட்டை போடற காவி இருக்கே அந்த ஜாதிதான். அப்போ பெயிண்டுக்கு அதுக்கு நல்ல கிராக்கி. 1898ல ஷார்ஜா ஷேக் அதை வெட்டிக்க உள்ளூர் வியாபாரிகளுக்கு குத்தகை குடுத்தார். 1906ல வோன்க்ஹவுஸ்னு ஒரு ஜெர்மன் கம்பெனி அந்தக் குத்தகைக்குள்ள நுழைஞ்சுது. அவ்வளவுதான், வளைகுடாவுல ஜெர்மனி கால் வைக்குதுன்னு பிரிட்டிஷ்காரங்க ஷேக்கை நெருக்கி, 1907ல குத்தகையை ரத்து பண்ண வச்சு, தீவுல வேலை பார்த்துட்டு இருந்தவங்களை போர்க்கப்பல் துணையோட வெளியேத்திட்டாங்க. ஷேக் குடுத்த குத்தகை, ஷேக்கோட மண்ணு, ஆனா கடைசி வார்த்தை அவரோடது இல்ல. எனக்கு இதப் படிச்சப்போ மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு.

அதுக்கப்புறம் இதை வரிசையா எழுத்துலயே வாங்கிட்டாங்க. 1913ல குவைத், 1914ல பஹ்ரைன், 1922ல இப்போ எமிரேட்ஸா இருக்கற ஷேக்குகள், 1923ல மஸ்கட். எல்லாத்துலயும் சாரம் ஒண்ணுதான்: பிரிட்டிஷ் அரசு சம்மதம் இல்லாம எண்ணெய் உரிமையை யாருக்கும் குடுக்க மாட்டோம். பாறைல எண்ணெய் இருக்கா இல்லையாங்கறது ரெண்டாவது கேள்வி, யார் தோண்டலாம்ங்கறதுதான் முதல் கேள்வி.

கேள்வி: "அபு நஃப்த்"னு ஒருத்தர் இருந்தாராமே?

ஃபிராங்க் ஹோம்ஸ், நியூஸிலாந்துக்காரர், மைனிங் இன்ஜினியர். அபு நஃப்த்னா எண்ணெயோட தகப்பன். 1923ல, பின்னாடி சவுதி மன்னரான இப்னு சவூத் கிட்ட, கிழக்குக் கரைல இருக்கற அல்-ஹசாவோட எண்ணெய் உரிமையை வருஷம் 2,000 தங்க பவுண்டுக்கு வாங்கினார், ரெண்டு வருஷம் கட்டினதோட அவர் சிண்டிகேட்ல பணம் தீர்ந்துடுச்சு, உரிமையும் போச்சு. ஆனா பஹ்ரைன்ல அவர் பண்ணினது பெரிய வேலை. எண்ணெய்னு பேச்செடுக்கறதுக்கு முன்னாடி அங்க ஜனங்களுக்கு நல்ல தண்ணி வேணும்னு புரிஞ்சுக்கிட்டு ஆர்ட்டீசியன் கிணறு (தண்ணி அழுத்தத்துல தானா மேல வர்ற கிணறு) போட்டுக் குடுத்தார், தண்ணி வந்துச்சு, 1925 டிசம்பர் 2ஆம் தேதி எண்ணெய் உரிமைல கையெழுத்தும் வந்துச்சு. டன்னுக்கு மூணு ரூபா எட்டணா ராயல்டி. அதைத் தூக்கிட்டு லண்டன்ல ஏறி இறங்காத வாசல் இல்ல, யாரும் வாங்கல, கடைசில அமெரிக்க கல்ஃப் கம்பெனி வாங்கி, 1928ல ரெட் லைன் ஒப்பந்தம் (மேப்ல கோடு போட்டு, அதுக்குள்ள தனியா எண்ணெய் தேட மாட்டோம்னு சில கம்பெனிகள் பண்ணிக்கிட்டது) அவங்க கையைக் கட்டிப் போட்டதால சோகால்ங்கற கலிஃபோர்னியா ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனிக்கு கை மாத்திட்டாங்க. 1931 அக்டோபர்ல ஜெபல் துகான் அடிவாரத்துல தோண்ட ஆரம்பிச்சாங்க, 1932 மே கடைசில சுமார் 2,000 அடில எண்ணெய். வளைகுடாவோட அரபுக் கரைல எண்ணெய் கிடைச்ச முதல் கிணறு அதுதான்.

கேள்வி: பெரிய பெரிய ஜியாலஜிஸ்ட் எல்லாம் அங்க எண்ணெய் இல்லன்னு சொன்னாங்களே, எப்படி தப்பாச்சு?

அவங்க முட்டாளுங்க இல்லைங்க, பாரசீகத்துல ஜெயிச்ச கணக்கை அப்படியே இங்கயும் போட்டாங்க. அங்க எண்ணெய் இருந்தது அஸ்மாரின்னு ஒரு சுண்ணாம்புக்கல்லுல, அந்தக் கல்லு அரேபியப் பக்கம் இல்ல, அதனால எண்ணெயும் இல்லன்னு முடிவு கட்டிட்டாங்க. ஹோம்ஸ் தரப்புலயே கூட்டிட்டு வந்த ஸ்விஸ் ஜியாலஜிஸ்ட் ஆர்னால்ட் ஹைம் கூட 1924ல நம்பிக்கை இல்லாமத்தான் எழுதினார். ஆனா இங்க எண்ணெய் இருந்தது வேற வயசுப் பாறைல, இன்னும் பழசு. பஹ்ரைன்ல கிரிட்டேஷியஸ், சவுதிக் கரைல டம்மாம்ல அதுக்கும் கீழ ஜுராசிக், ரெண்டுமே டைனோசர் காலத்துப் பாறை.

எண்ணெய் பாறையோட நுண்ணிய ஓட்டைகள்ல ஊறி மேல மேல ஏறும், தண்ணியை விட லேசு இல்லையா. மேல கவிழ்த்து வச்ச சட்டி மாதிரி இறுகின பாறை இருந்தா அதுக்கடியில மாட்டிக்கும். அந்தக் கவிழ்த்த சட்டியைத்தான் டோம்ங்கறோம். பஹ்ரைன்ல நின்னு கடலுக்கு அந்தப்பக்கம் பார்த்தா சவுதிக் கரைல தஹ்ரான் குன்றுகள் தெரியும், அதுவும் இதே மாதிரி சட்டிதான்னு பஹ்ரைன்ல வேலை பார்த்தவங்களுக்கு 1930லயே சந்தேகம் வந்துடுச்சு.

கேள்வி: மஹ்த் அத் தஹப் பத்தி விரிவா எழுதுங்க ப்ளீஸ்.

எழுதறேன், எனக்குப் பிடிச்ச இடம் அது. பேருக்கு அர்த்தமே தங்கத்தொட்டில். மதீனாவுக்கு தென்கிழக்கே.

1930 வாக்குல உலகமே பொருளாதார மந்தத்துல இருந்துச்சு, ஹஜ்ஜுக்கு வர்றவங்க ஒரு லட்சத்துக்கு மேல இருந்து 1931ல 40 ஆயிரத்துக்கு இறங்கிட்டாங்க, மன்னருக்கு முக்கிய வருமானமே அதுதான். சார்லஸ் கிரேன்னு ஒரு அமெரிக்கப் பணக்காரர், கார்ல் ட்விட்ச்செல்ங்கற இன்ஜினியரை 1931ல தண்ணி தேட அனுப்பினார். தண்ணி சரியா கிடைக்கல, ஆனா ஊர் ஊரா போனதுல பழைய சுரங்கங்கள் எங்கெங்க இருக்குன்னு தெரிஞ்சுது. 1934 கடைசில அந்தச் சுரங்கங்களுக்கு உரிமை வாங்கினாங்க, சவுதி அரேபியன் மைனிங் சிண்டிகேட் உருவாச்சு. 1939ல இருந்து 1954 வரைக்கும் மஹ்த் அத் தஹப்ல வேலை நடந்துச்சு, சுமார் 7.6 லட்சம் அவுன்ஸ் தங்கம், 10 லட்சம் அவுன்ஸ் வெள்ளி.

இப்போ முக்கியமான விஷயம். அப்பாசியர் காலத்து ஆளுங்க ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே அங்க வெட்டி, அரைச்சு, தங்கம் எடுத்திருக்காங்க. அரைச்சது போக மிஞ்சின பொடி மலை மாதிரி குவிஞ்சு கிடந்துச்சு, அதுலயே தங்கம் பாக்கி இருந்துச்சு, சயனைடுல கரைச்சு முதல்ல எடுத்தது அதைத்தான். நான் அந்தப் பக்கம் ஒரு பழைய வேலைத்தலத்துல ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்திருக்கேன். நம்ம வீட்டு அம்மி மாதிரி கருங்கல், நடுவுல ஒரு சாண் நீளத்துக்கு குழி. உள்ள விரலை ஓட்டினா கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கு, வெளி ஓரம் சொரசொரன்னு அப்படியே இருக்கு. குவார்ட்ஸ் கல்லை வச்சு அரைச்சு அரைச்சு அந்தக் குழி விழ எத்தனை கை வேலை பார்த்திருக்கணும்! நாங்க ஜிபிஎஸ் எல்லாம் வச்சுக்கிட்டு ட்ரில் பாயிண்ட் குறிக்கப் போன பல இடத்துல அவங்க தோண்டின பள்ளம் ஏற்கனவே இருந்துச்சு.

கேள்வி: ஃபில்பி இலங்கைல பிறந்தவர்ங்கறாங்களே, சரியா?

சரிதான், 1885ல பதுளைல, தேயிலைத் தோட்டக் குடும்பம். அப்புறம் ஐசிஎஸ் அதிகாரியா பஞ்சாப், அங்க இருந்து இராக், கடைசில ஜித்தாவுல மன்னர் இப்னு சவூதோட ஆலோசகர். 1933ல சவுதி எண்ணெய் உரிமைக்கு நடந்த பேச்சுவார்த்தைல பிரிட்டிஷ் பக்க கம்பெனி அவரை நம்ம ஆளுன்னு நினைச்சுட்டு இருந்துச்சு, அவர் சோகால் கிட்ட சம்பளம் வாங்கிட்டு இருந்தார். மே 29ல சோகாலோட கையெழுத்து, 60 வருஷத்துக்கு. முதல் தவணை 35,000 தங்க பவுண்டு. அமெரிக்கா அப்போ தங்கத்தை வெளிய விடல, அதனால லண்டன்ல வாங்கி கப்பல்ல அனுப்பினாங்க. நிதி அமைச்சர் அப்துல்லா சுலைமான் முன்னாடி ஜித்தாவுல ஒவ்வொரு காசா எண்ணினாங்க.

கேள்வி: பதூயின் வழிகாட்டிகள் பேரு ஏதாவது வரலாற்றுல இருக்கா, இல்ல எல்லாம் மறைஞ்சு போச்சா?

நிறைய பேர் மறைஞ்சுதான் போனாங்க. ஒருத்தர் பேரு நிக்குது, கமீஸ் பின் ரிம்தான், அஜ்மான் குலத்துக்காரர். மேப் பார்க்காமலே பாலைவனத்துல நேர் கோடா கூட்டிட்டுப் போவார், ஒரு தடவை போன கிணத்தை மறக்க மாட்டார். சவுதில எண்ணெய் தேடின அமெரிக்க கம்பெனியோட தலைமை ஜியாலஜிஸ்ட் மாக்ஸ் ஸ்டைனெக்கி அவரை முழுசா நம்பினார். 1974ல கண்ட ஒரு எண்ணெய் வயலுக்கு ரிம்தான்னே பேரு வச்சாங்க.

கேள்வி: கடைசியா ஒண்ணு, டம்மாம் 7ஆம் கிணறு பத்தி சொல்லிடுங்க அண்ணா.

மேல சொன்ன தஹ்ரான் குன்றுப் பக்கம்தான் 1935ல டம்மாம் முதல் கிணறு ஆரம்பிச்சாங்க. வரிசையா தோண்டினதுல ஒண்ணு கூட கட்டுப்படியாகல, சிலதுல கொஞ்சம் கேஸ், சிலதுல தண்ணி. சான் ஃபிரான்சிஸ்கோ தலைமை ஆபீஸ்ல இதை மூடிடலாமான்னு யோசிக்கற அளவுக்குப் போச்சு, ஸ்டைனெக்கிதான் இன்னும் ஆழமா போங்கன்னு நின்னார். 1938 மார்ச் முதல் வாரம், 7ஆம் கிணத்துல சுமார் 1,440 மீட்டர்ல, நாளைக்கு 1,585 பேரல்னு ஆரம்பிச்சுது, மூணு நாள்ல ரெண்டு மடங்குக்கு மேல ஆயிடுச்சு. 1982 வரைக்கும் அந்த ஒரே கிணத்துல இருந்து 3 கோடி பேரலுக்கு மேல எடுத்துட்டாங்க. தஹ்ரான்ல இருக்கறவங்க அந்த குன்றைத் தினமும் கடந்து போயிட்டு இருப்பீங்க, அடுத்த தடவை போறப்போ அது கவிழ்த்த சட்டி மாதிரி தெரியுதான்னு கொஞ்சம் நின்னு பாருங்க.